பூவம்மா புடைத்த மண்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. காலை நீட்டுறவங்க நீட்டிக்கலாம், பிள்ளையை மடியில் போட்டுக்கிறவங்க போட்டுக்கலாம். இன்றைக்கு ஒரு கோபத்தின் கதை சொல்கிறேன். ராஜா ராணி கிடையாது, பேய் பிசாசு கிடையாது. மண் உண்டு, தண்ணீர் உண்டு, நடுவில் ஒரு கணக்கு உண்டு. கணக்கு என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். சல்லடை பிடிக்கத் தெரிந்த எல்லாருக்கும் புரிகிற கணக்குதான் அது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். திருவொற்றியூருக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஆண்டிக்குப்பம் என்று ஒரு சின்ன ஊர். அறுபது குடிசை. ஆம்பளைகளில் பாதிப் பேர் கட்டுமரத்தில் போனார்கள், மீதிப் பேர் கம்பெனிகளில் கூலி. அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், வாயில் வைத்தால் கரிக்கும். ஆண்டிக்குப்பத்துக்கு மட்டும் ஒரு கிணறு வாய்த்திருந்தது. அதன் தண்ணீரில் பருப்பு வேகும். பிரசவித்தவளுக்கு அதைத்தான் காய்ச்சிக் கொடுப்பார்கள். எண்ணூரிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட ஒரு சொம்பு குடித்துவிட்டு, "இந்தத் தண்ணிக்காவது பொண்ணு குடுக்கலாம்பா" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஊரில் இருந்தவள் பூவம்மா. முப்பது வயசு. புருஷன் பரசுராமன் மண்வெட்டிக் கூலி. பூவம்மாவுக்கு வேலை வெள்ளத்துரை முதலாளியின் மண் சோதனைக் கொட்டகையில். முதலாளி தெற்கத்திச் சீமைக்காரர், திருநெல்வேலிப் பக்கம். ஊரிலிருந்து வந்து மளிகை வைத்து, பிறகு செங்கல் சூளை வைத்து, கம்பெனிகள் புற்றீசல் மாதிரி முளைக்கிறதைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். எவனாவது கட்டடம் கட்டணும், தொட்டி போடணும் என்றால் அந்த இடத்து மண்ணை எடுத்து வந்து சோதித்து, இது தாங்கும், இது தாங்காது, இதில் தண்ணீர் இவ்வளவு வேகத்தில் இறங்கும் என்று காகிதம் எழுதிக் கொடுப்பார்கள். எழுதுகிறவர் லூயிஸ். ராயபுரத்துக்காரர், மூக்குக் கண்ணாடி, நாலு பெண்களுக்குத் தகப்பன், பூனை நடந்தால்கூட வழிவிடுகிற ஆசாமி.

பூவம்மாவின் வேலை இதுதான். கோணிப் பையில் மண் வரும், கழுத்தில் தகரச் சீட்டு கட்டியிருக்கும். அதை இரும்புச் சட்டியில் போட்டு வறுத்துக் காய வைக்கணும். கட்டி இருந்தால் மரக்கட்டையால் உடைக்கணும். பித்தளைச் சல்லடை ஏழு உண்டு. மேலே இருப்பது உளுந்து இறங்குகிற கண், கீழே இருப்பது முகத்துக்குப் பூசும் மாவுகூட யோசித்து இறங்குகிற கண். ஏழையும் அடுக்கி, மண்ணைக் கொட்டிக் குலுக்கி, எந்தச் சல்லடையில் எவ்வளவு தங்கியது என்று தராசில் நிறுத்துச் சொன்னால் லூயிஸ் எழுதிக்கொள்வார். பிறகு கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கோடு வளைத்து இழுப்பார். அதோடு அவள் வேலை தீர்ந்தது.

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த சீனியம்மாள் போகும்போது ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். பையில் வருகிற சிப்பி, கிளிஞ்சல் எல்லாம் சலிக்கிறவளுக்கு. பொறுக்கி வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஒரு தடவை சுட்டு, சுண்ணாம்பாக்கி, பொங்கலுக்குச் சுவரில் அடிக்கலாம். பூவம்மாவும் ரெண்டு வருஷமாக அதைத்தான் செய்தாள். சட்டியில் வறுத்த மண்ணை முறத்தில் போட்டு, அரிசி புடைக்கிற மாதிரி புடைத்து, ஒதுங்குகிற சிப்பியைக் கூடையில் தள்ளிவிட்டுத்தான் சல்லடைக்குக் கொண்டுபோவாள். ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வரும், ரெண்டு கைப்பிடி வரும். லூயிஸும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பூவம்மா கைபட்டா மண்ணுகூட சீரகச் சம்பாதான்" என்று சிரிப்பார்.

அந்த வருஷம் ஆண்டிக்குப்பத்துக்கு மேற்கே ஒரு சாயக் கம்பெனி வந்தது. துணிக்குப் போடும் சாயம் காய்ச்சுகிற இடம். கழிவுத் தண்ணீருக்கு ஒரு குட்டை வேண்டும். ஊர்க் கிணற்றுக்கு முந்நூறு கஜம் தள்ளி மேட்டில் வெட்டப் போகிறோம் என்றார்கள். மூன்று வருஷத்தில் கடலுக்குக் குழாய் போட்டுவிடுவோம், அதுவரைக்கும்தான் குட்டை என்றார்கள். சுகாதார ஆபீசர் ஒரு நிபந்தனை போட்டார். குட்டைத் தண்ணீர் மண்ணுக்குள் நடந்து கிணற்றுக்கு வந்து சேர மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும் என்று சோதனைக் காகிதம் வேண்டும், ஊர் ஜனம் கைநாட்டு வைக்கவும் வேண்டும்.

மண் எடுத்தார்கள். வெள்ளத்துரை ஆட்கள் ஒரு குழி தோண்டி, மூன்று ஆழத்தில் எடுத்து, குழியை மூடிவிட்டார்கள். மூன்றாவது பை ஒன்பதடி ஆழத்தது, தண்ணீர் நிற்கிற மட்டம். அதுதான் முக்கியமான பை. அதைப் பூவம்மா அவிழ்த்தபோது என்ன இருந்தது தெரியுமா? முக்கால் பங்கு கிளிஞ்சல். உடைந்ததும் முழுசுமாக, நடுவில் கொஞ்சம் கருத்த சேற்றுப் பொடி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மாடி, இந்த வருசம் வூடு முழுக்க வெள்ளை அடிச்சிரலாம்" என்று ஒரு கூடை நிறையப் பொறுக்கினாள். மிஞ்சிய பொடியைச் சலித்தாள். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது லூயிஸ் கதவைப் பிடித்து வழிவிட்டார்.

நாலு வருஷம் என்று காகிதம் வந்தது.

லூயிஸ் அதைக் கிணற்றடியில் வந்து படித்தபோது ஜனம் நம்பவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னத், வாய் திறந்தால் ரயில் சத்தம் அடங்கும், அவள்தான் முதலில் கேட்டாள்.

"இன்னா சாரே, தண்ணி உன்னாண்ட வந்து சொல்லிச்சா, நான் நாலு வருசம் கயிச்சு வரேன்னு?"

"சோதனை செஞ்சிருக்கும்மா. மண்ணை வச்சுக் கணக்குப் போட்டிருக்கு."

"கணக்கு உன் நோட்டுல கீது. கெணறு எங்க ஊர்ல கீது. ஏ பூவு, நீதானே அங்க சலிக்கிற, நீ சொல்லு. நீ சொன்னா வைக்கிறோம்."

அத்தனை முகமும் பூவம்மாவைப் பார்த்தது. அவளுக்குப் பெருமை. ஏன் சொல்லக்கூடாது? அறுபது வீட்டில் ஒருத்திக்காவது அந்தப் பித்தளைச் சல்லடையின் பேர் தெரியுமா? "என் கையால சலிச்ச மண்ணு. நாலு வருசம்னா நாலு வருசம். தெகிரியமா வையுங்க" என்றாள். வரிசையாக வந்து கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். ஜன்னத்தும் வைத்துவிட்டு, விரலைப் பூவம்மாவின் முந்தானையில் துடைத்தாள்.

குட்டை வெட்டும் வேலை தொடங்கியது. பரசுராமனுக்கும் அங்கேதான் கூலி. பத்தாம் நாள் மத்தியானச் சோற்றுக்கு வந்தவன், வாசலில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு பாதமும் கீறிக் கிழிந்து ரத்தம்.

"இன்னாய்யா இது, கண்ணாடி மேல நடந்தியா?"

"கண்ணாடி இல்லடி, கிளிஞ்சலு. ஒம்பது அடி வெட்டினோம் பாரு, அங்க ரெண்டு மொழத்துக்கு வெறும் கிளிஞ்சலா கீது. கீழ வெட்ட வுட மாட்டேங்குது. சொவத்துலேர்ந்து தண்ணி ஒடைச்சுகினு வருது. ரெண்டு பம்பு வச்சு எறைக்கிறாங்கோ, அப்பவும் மொழங்காலு மட்டம் நிக்குது. கங்காணி பேஜாரு புடிச்சு நிக்கிறான்."

பூவம்மா கையில் இருந்த குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. ஒன்பதடி. கிளிஞ்சல். அவள் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். போன வாரம் அடித்த சுண்ணாம்பு, நாலு பக்கமும் பளீரென்று. கரண்டியைச் சோற்றிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

"எங்கடி ஓடற? கொழம்பு ஊத்துடி!"

அவள் பள்ளத்து விளிம்பில் போய் நின்றபோது வெயில் உச்சியில். பார்த்தாள். மேலே மஞ்சள் மணல், அதற்குக் கீழே சாம்பல் மணல், அதற்கும் கீழே வெள்ளையாக ஒரு பட்டை, பள்ளத்தின் நாலு சுவரிலும் பாவாடைக்குக் கரை வைத்த மாதிரி. அந்தப் பட்டை முழுக்கத் தண்ணீர் வழிந்தது. ஊறவில்லை, சொட்டவில்லை, குடம் உடைந்த மாதிரி கொட்டியது. உள்ளே வருகிற வேகத்தில்தானே வெளியேயும் போகும்? இதற்குள் சாயத் தண்ணீரை நிரப்பினால் அது எந்தப் பக்கம் போகும்? சரிவு கடல் பக்கம். கடல் பக்கத்தில் முந்நூறு கஜத்தில் கிணறு. நாலு வருஷமாம்!

கீழே இறங்கினாள். கங்காணி கத்தினான், காதில் வாங்கவில்லை. வெள்ளைப் பட்டையில் கை விட்டு, சேறும் சிப்பியுமாக மடி நிறைய வாரிக்கொண்டு மேலே ஏறினாள். விரலில் ரத்தம். நடக்க நடக்க அவளுக்குள் ஏறியது பாருங்கள் ஒரு சூடு, அது இன்னார் மேல் என்று பிரிக்க முடியாத சூடு. தன் கை மேல் கோபம். அந்த வழக்கத்தைச் சொல்லிவிட்டுப் போன சீனியம்மாள் மேல் கோபம். கதவைப் பிடித்து வழிவிட்ட மனுஷன் மேல்தான் எல்லாவற்றையும்விடக் கோபம்.

லூயிஸ் பேனா துடைத்துக்கொண்டிருந்தார். பூவம்மா மடியில் இருந்ததை அவர் மேஜை மேல், கட்டம் போட்ட காகிதத்தின் மேல், அப்படியே கொட்டினாள்.

"பூவம்மா! இன்னா இது கலீஜு?"

"ஒம்பது அடி மண்ணு சாரே. ஒயுங்கா பாரு. அன்னிக்கு நீ பாத்தது எது, இது எது?"

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அந்தக் கூடை..." என்றார் மெதுவாக.

"ஆமா, அந்தக் கூடைதான். நான் எடுத்துகினு போவசொல்லோ கதவைப் புடிச்சுகினு நின்னியே, அந்தக் கூடை. உன் கணக்கு எப்படி வருது, சொல்லு. எனக்கு இப்ப தெரியணும்."

அவர் சொன்னார். கேளுங்கள், இதுதான் நான் சொன்ன கணக்கு. மண்ணில் தண்ணீரின் வேகத்தை முடிவு செய்வது பெரிய குருணை இல்லை, பொடி. நூறு பங்கு மண்ணில் பத்துப் பங்கு துகள் எந்தப் பருமனுக்குக் கீழே சிறுத்துப் போகிறதோ, அந்த அளவை எடுத்துக்கொள்ளணும். ஏனென்றால் அந்தப் பொடிதான் சந்தில் புகுந்து வழியை அடைக்கும். அந்த அளவை அதனாலேயே பெருக்கணும். அப்போது வேகம் வரும். பிறகு சரிவு எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று பார்த்தால் நாள் வரும். பொடியின் அளவு ரெண்டு மடங்கு பெரிசானால் வேகம் நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

"நான் கிளிஞ்சலை எடுத்துட்டா?"

"மிஞ்சினது எல்லாமே பொடிதானே, பூவம்மா. அதோட அளவைத்தான் நான் எடுத்தேன். கிளிஞ்சலும் சேர்ந்திருந்தா அந்தப் பத்துப் பங்கு இன்னும் பெரிய துகள்ல போய் நின்னிருக்கும்."

"அப்ப இதைச் சலி. கிளிஞ்சலோட சலி. நான் தொட மாட்டேன், நீ சலி."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக லூயிஸ் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தார். கோட்டைக் கழற்றினார். காயவைத்து, உடைத்து, சல்லடையைக் குலுக்கினார். குலுக்கத் தெரியாமல் பாதி வெளியே சிந்தியது. "நேரா புடி, சாரே! சாமி தூக்குற மாதிரி ஆட்டாத!" என்று அவள் பக்கத்தில் நின்று அதட்டினாள். நிறுத்து, எழுதி, கோடு இழுத்தார். கோடு காகிதத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாவிவிட்டது. பொடியின் அளவு பத்து மடங்கு பெரிசாக வந்தது. பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. வேகம் நூறு மடங்கு.

"நாலு வருசத்தை நூறால வகு" என்றாள்.

அவர் வகுத்தார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பதினைந்து. நாள்.

"ரெண்டு வருசமா பாத்துகினு இருந்தியே சாரே. ஒரு தபா, ஒரே ஒரு தபா, 'பூவம்மா, கிளிஞ்சலையும் சேர்த்துச் சலி'ன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"பையில வர்றதுதான் மண்ணுன்னு நெனச்சேன். பள்ளத்தாண்ட நான் போனதே இல்ல. மொதலாளியும் போன்னு சொன்னதில்ல."

"சீரகச் சம்பா! த்தூ!"

முதலாளி அறைக்கு ரெண்டு பேரும் போனார்கள். லூயிஸ் வாசல்படியோடு நின்றுவிட்டார். வெள்ளத்துரை காகிதத்தைப் பார்த்தார், அதை மடித்தார், மேஜை டிராயரில் வைத்தார்.

"இந்தா பாரு புள்ள. ரிப்போர்ட்டு போயாச்சு. கையெழுத்தும் ஆயாச்சு. வெள்ளிக்கெளம ஆபீசரு வந்து குட்டையப் பாத்துட்டு உத்தரவு குடுத்துருவாரு. இனி நான் போயி, அய்யா, தப்பாப் போச்சுன்னு சொன்னா எவன் எங்கிட்ட மண்ணு குடுப்பான்?"

"எங்க கெணறு போயிடும், மொதலாளி."

"போவாது. போனாலும் கம்பெனிக்காரன் லாரியில தண்ணி அனுப்புவான்."

"லாரித் தண்ணியில நீ உன் பேரனைக் குளிப்பாட்டுவியா?"

அவருக்கு முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால்தான் அந்த மனுஷன் பயங்கரம்.

"தப்பு யார் செஞ்சது? நீ செஞ்சது. சிப்பி பொறுக்குனது நானா, நீயா? கைநாட்டு வைங்கன்னு ஊருல சொன்னது நானா, நீயா? வெளிய போயி வாயத் தொறந்து பாரு. உன் ஊருக்காரனே உன்ன வெட்டிப் போட்டுருவான். பேசாம போயிச் சலிக்கிற சோலியப் பாரு."

அவள் வெளியே வந்தாள். கண்ணுங்களா, அந்த வார்த்தை எங்கே குத்தணுமோ அங்கே குத்திவிட்டது. உண்மையாகவே பயம். பரசுராமன் சொன்னான், "கம்முனு இருடி, லாரியாவது வருதே." இருந்தும் அவள் அன்றைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். சாயங்காலக் கூட்டம், எல்லாரும் இருந்தார்கள். குடத்தைக் கீழே வைத்தாள். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். சிப்பி, கூடை, சுண்ணாம்பு, பதினைந்து நாள். எதையும் மறைக்கவில்லை.

ஜன்னத் கையில் இருந்த வாளியை வீசினாள். அது பூவம்மாவின் காலடியில் விழுந்து உருண்டது.

"உன் வூடு வெள்ளையா இருக்கணும்னு எங்க கொடலைக் கறுப்பாக்கினியாடி? உன் பேச்சைக் கேட்டுத்தானேடி விரலை நீட்டினேன்! என் மவ மாசமா கீறா! அவ வாயில சாயத்தை ஊத்துவியா?"

"திட்டு. இன்னும் திட்டு, நான் வாங்கிக்கிறேன். ஆனா வெள்ளிக்கெளம பள்ளத்தாண்ட வந்து திட்டு. அந்த ஆபீசரு காதுல வுழறாப்பல திட்டு."

"வருவேன்டி. உனக்காக இல்ல. கெணத்துக்காக."

வெள்ளிக்கிழமை ஆபீசர் ஜீப்பில் வந்தார். கூடக் கம்பெனி மேனேஜர், வெள்ளத்துரை, கக்கத்தில் நோட்டோடு லூயிஸ். பள்ளத்தின் மேட்டில் ஊரே நின்றது. ஆபீசர் கையில் அந்த நாலு வருஷக் காகிதம். படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"ஐயா, அந்தக் காகிதம் பொய்யி" என்றாள் பூவம்மா.

"யாரும்மா நீ?"

"அந்த மண்ணைச் சலிச்சவ. கீழ பாருங்க, அந்த வெள்ளைப் பட்டை. பையில வந்தப்ப முக்கால்வாசி அதுதான். நான் பொறுக்கிட்டேன். மிச்சம் இருந்த பொடியை வச்சுத்தான் நாலு வருசம்னு எழுதியிருக்காங்கோ."

ஆபீசர் வெள்ளத்துரையைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி சிரித்தார். ஆள் சட்டென்று புத்தி ஓட்டுகிறவர்தான், ஆனால் அன்றைக்குக் கோபம் புத்தியை முந்திக்கொண்டது.

"ஐயா, இவ கூலிக்காரி. எழுத்து வாசனை கெடையாது. வேலையில கோளாறு பண்ணிட்டு இப்போ ஊருக்கு நல்லவளாவப் பாக்கா. சாம்பிளுல கைய வச்சது இவதான். இவ தப்புக்கு நாங்க என்ன செய்ய? இன்னையோட இவளுக்கு எங்க கொட்டாயில எடங் கெடையாது!"

"அதை எழுதிக் குடு" என்றாள் பூவம்மா.

"என்னது?"

"இப்பச் சொன்னியே, சாம்பிளுல நான் கைவச்சேன்னு. அதை எழுதி, என் பேரைப் போட்டு, உன் கையெழுத்தைப் போட்டு இந்த ஐயாகிட்ட குடு. என் கைநாட்டும் வைக்கிறேன். ஆண்டிக்குப்பம் பூவம்மா ஒம்பது அடிப் பையில முக்கால் பங்கு கிளிஞ்சலைப் பொறுக்கிட்டா, மிச்சத்தைச் சலிச்சு வந்த நாலு வருசக் கணக்கு கெட்டுப்போன கணக்குன்னு எழுது. எயுது மொதலாளி! பேனா இல்லையா? சாரே, பேனா குடு!"

வெள்ளத்துரை மாட்டிக்கொண்டார். எழுதினால் ரிப்போர்ட்டு செத்தது. எழுதாவிட்டால், எல்லார் முன்னாலும் சற்று முன் கத்திய வார்த்தையை விழுங்கணும். மேனேஜர் அவர் காதில் ஏதோ முணுமுணுத்தார். "பேசாதய்யா!" என்று அவர் மேலேயே விழுந்தார் வெள்ளத்துரை.

ஆபீசர் பேனாவை மூடினார். லூயிஸைக் கூப்பிட்டார்.

"கணக்குப் போட்டது நீங்கதானே? இந்தப் பட்டையோட சேர்த்துப் போட்டா எவ்வளவு?"

லூயிஸ் முதலாளியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அவர் கண்ணாடிக்குக் கீழே வியர்வை வழிந்தது. பின்னாலிருந்து ஜன்னத்தின் குரல்: "சொல்லு நைனா, நாலு பொண்ணு பெத்தவன்தானே நீ! தண்ணி குடிக்கிற வாய்தானே அது!"

"பதினஞ்சு நாள், சார்" என்றார்.

"சத்தமா!"

"பதினஞ்சு நாள்!"

அந்தக் கத்தலில் அவருக்கே அதிர்ச்சி. ஆபீசர் ஜீப்பின் முகப்பில் காகிதம் வைத்து, பூவம்மா சொன்னதைச் சொன்னபடி எழுதினார். அவள் கட்டைவிரலை வைத்தாள். வெள்ளத்துரை கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். லூயிஸ் போட்டார், பேனா காகிதத்தைக் கிழித்தது. கடலுக்குக் குழாய் போடாமல் ஒரு சொட்டுச் சாயத் தண்ணீரும் வெளியே விடக்கூடாது, பள்ளத்தை மூடணும் என்று அங்கேயே உத்தரவு. பரசுராமனும் மற்றவர்களும் வெட்டிய மண்ணையே திரும்பத் தள்ள வேண்டியதாயிற்று.

ஊர் அவளைத் தூக்கிக்கொண்டாடியது என்று நினைக்கிறீர்களா? இல்லை கண்ணுங்களா. கிணற்றடியில் ஒரு மாசம் அவளுக்குக் கடைசி முறைதான். அவள் குடத்தைக் கண்டால் ஜன்னத் கயிற்றை இன்னும் மெதுவாக இழுப்பாள். "சிப்பி கிப்பி இருந்தா பொறுக்கிக்க, பூவு" என்பாள். பூவம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். வாங்கவேண்டிய பேச்சு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் எரியும்.

வேலையும் போனது. கருவாட்டுக் கூடை தூக்கினாள். ரெண்டு மாசம் கழித்து ஒரு காலையில் லூயிஸ் வந்தார், வெறுங்கையோடு.

"மொதலாளி கூட்டியாரச் சொன்னாரு. இப்ப எந்த மண்ணு வந்தாலும் கம்பெனிக்காரங்க, அந்தப் பொம்பளை சலிச்சுதான்னு கேக்குறாங்க. வேற யாரு சலிச்சாலும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க."

"அவரு வாயால என்னைத் தொரத்தினாரு. அவரு காலால வர மாட்டாரா?"

"பூவம்மா..."

"சரி, வரேன். ஆனா பையில வர்ற மண்ணை இனிமே நான் தொட மாட்டேன். எந்தப் பள்ளம் வெட்டினாலும் நீ இறங்கிப் பாக்கணும். என்னா அடுக்கு, எவ்ளோ ஒசரம், எதுலேர்ந்து தண்ணி வருதுன்னு நீயே பாத்து, நீயே எழுதி, நீயே பையில கட்டணும். அதுக்கப்புறம்தான் சல்லடை. சம்மதமா?"

"எனக்கு முழங்கால் வலி, பூவம்மா."

"எனக்கு வவுறு எரியுது, சாரே. இன்னும் அடங்கல. எது பெருசு?"

அன்று எண்ணூர்ப் பக்கம் ஒரு கிடங்குக்காக வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் ரெண்டு பேரும் நின்றார்கள். லூயிஸ் பூட்ஸைக் கழற்றினார், காலுறையைக் கழற்றி அதற்குள் திணித்தார், பேண்டை முழங்கால் வரை சுருட்டினார். வெளுத்த கால். ஏணியில் பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார். பூவம்மா மேலே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். கை கொடுக்கவில்லை.

"தண்ணி சில்லுனு இருக்கு" என்று கீழிருந்து குரல் வந்தது.

"எந்த அடுக்குலேர்ந்து வருதுன்னு பாரு! கையை வுட்டுப் பாரு!" என்று அவள் கத்தினாள்.

அவ்வளவுதான் என் செல்வங்களே. நேரமாயிற்று, பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். எழுந்து பத்திரமாகப் போங்கள். உங்கள் வீட்டுப் பானை என்றைக்கும் நிறைந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் கரிக்காமல், கறுக்காமல், தித்திக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கோபம் வரவேண்டிய நேரத்தில் தவறாமல் வரட்டும். குடும்பத்தோடு நூறு வருஷம் நல்லா இருங்க.